அந்தக் கம்ப்யூட்டரில் உங்களோடு யார் விளையாடினார்கள்?

போன மாதம் திருச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது பரணில் கிடந்த எங்கள் பழைய 486 கம்ப்யூட்டரைக் கீழே இறக்கினேன். 1995-ல் அப்பா சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியது. டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், 420 எம்பி ஹார்ட் டிஸ்க். கேபினட்டை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் வந்தார். வீட்டில் அதற்கு ஒரு தனி மேஜை, அம்மா தைத்த பூப்போட்ட உறை, வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற கண்டிப்பு. கணக்கு எழுதவும் நாங்கள் படிக்கவும் என்று சொல்லித்தான் வாங்கினார். எனக்கும் அக்காவுக்கும் அது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா பெட்டி, அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தை இரண்டு பேராக விளையாடலாம் என்று அதை உருவாக்கியவரே நினைத்திருக்க மாட்டார். நாங்கள் அப்படித்தான் விளையாடினோம். அம்புக்குறிப் பட்டன்கள் என்னிடம், ஷிப்ட் அக்காவிடம். ஓடுவது, தாவுவது, குனிவது நான். தாவிப் போய் விளிம்பைப் பிடித்துத் தொங்க ஷிப்டை அழுத்த வேண்டும், வாள் வீசவும் ஷிப்ட்தான், அதெல்லாம் அவள். அரை நொடி பிந்தினால் இளவரசன் நேராகக் கீழே உள்ள ஈட்டிகளின் மேல் விழுவான், அப்புறம் யார் தப்பு என்று பெரிய சண்டை. மொத்தம் 60 நிமிடம்தான் கெடு, அதற்குள் 12 கட்டங்களையும் தாண்டி இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். சண்டை போடும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும், ஆகவே சீக்கிரம் சமாதானம் ஆகவும் கற்றுக்கொண்டோம்.

நாலாவது கட்டத்தில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடி வந்து அதற்குள்ளேயே பாய்ந்தால் மறுபக்கம் நம் நிழல் தனியாகப் பிரிந்து ஓடிவிடும். அதற்கு அடுத்த கட்டத்தில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிட்டுப் போகும், அப்புறம் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைக்கும், கடைசியில் 12-வது கட்டத்தில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை ஒரு வெட்டு வெட்டினால் நமக்கும் ஒரு உயிர் போகும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கேயே செத்தோம் என்று எண்ணவில்லை. ஒருநாள் அக்கா சட்டென்று ஷிப்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அவனும் நாமதானே, ஏன் வெட்டணும், வாளை உள்ளே போடுடா" என்றாள். கீழ் அம்பை அழுத்தினேன். வாள் உறைக்குள் போனது, நிழலும் வாளைப் போட்டது, நடந்து போய் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துத்தான் இளவரசனை வரைந்தார் என்று ரொம்பப் பின்னால் படித்தேன். அவர் அதை முதலில் எழுதிய ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் நினைவகத்தில் புதிதாக ஒரு எதிரியின் படங்களை வைக்க இடம் இல்லாததால், இளவரசனின் படத்தையே கொஞ்சம் மாற்றிப் பிறந்ததுதான் அந்த நிழல். அக்காவிடம் சொன்னபோது "அப்போ நான் சொன்னது சரிதானே" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் சிஎம்ஓஎஸ் பேட்டரி செத்துப்போய், தனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதையே அது மறந்திருந்தது. டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கையால் அடித்த பிறகு அந்தப் பழைய சீழ்க்கைச் சத்தத்தோடு எழுந்துகொண்டது. பிரின்ஸ் இருந்தது. சேமித்த ஆட்டம் ஒன்றும் இருந்தது. திறந்தால் மூன்றாவது கட்டம். நானும் அக்காவும் கடைசியாகச் சேமித்தது 12-வதில். அதற்குமேல் நாங்கள் சேமிக்கவே இல்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் என்றே புரியவில்லை. அது கிடக்கட்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எழுதுங்கள்.

*

கும்பகோணம், 1989. மாமா ஆடிட்டர், வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஐபிஎம் எக்ஸ்டி மாதிரியில் செய்த ஒரு கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்கே கிடையாது, 360 கே ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, ஆரஞ்சு எழுத்து காட்டும் மானிட்டர். திரையில் படம் காட்ட அதில் இருந்தது ஹெர்குலிஸ் கார்டு, ஆட்டங்கள் எல்லாம் சிஜிஏ கார்டுக்கு எழுதியவை, அப்படியே ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முதலில் சிம்சிஜிஏ என்று ஒரு சின்ன நிரலை ஓட்டிவிட்டு அதற்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இந்த வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாமா இல்லை, அவரிடம் முப்பது வருஷமாக இருந்த கணக்குப்பிள்ளைத் தாத்தா. அவருக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் விளையாடியது பாராட்ரூப்பர். நடுவில் ஒரு பீரங்கி, மேலே ஹெலிகாப்டர்கள், அதிலிருந்து வீரர்கள் குதிப்பார்கள். ஒரு பக்கம் நாலு பேர் இறங்கிவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வந்து பீரங்கியை வெடித்துவிடுவார்கள். நான் பட்டனில் கை வைத்தால் எடுக்காமல் சுட்டுக்கொண்டே இருப்பேன். தாத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பாயின்ட் குறையுது, கவனிச்சியா? செலவைப் பாத்துச் செய்" என்றார். எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. உண்மையில் ஒரு முறை சுட்டால் ஒரு புள்ளி கழியும். திரையில் ஓடும் அத்தனைக்கும் நடுவே அந்த எண்ணைப் பார்த்தது அவர் கண்தான். அதற்குப் பிறகு அவர் "இப்போ" என்பார், நான் சுடுவேன். என் வாழ்நாளின் அதிகபட்ச ஸ்கோர் எல்லாம் அவர் பக்கத்தில் இருந்தபோது எடுத்தவை.

*

எங்கள் கதை லண்டனில். 83-க்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பம், ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறை. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் தன் மகன் பாவித்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை 1986-ல் மலிவாகத் தந்தார். 48 கே மெஷின், ரப்பர் பட்டன்கள், டிவியில் பொருத்திப் பார்க்க வேண்டும். 1982-ல் வந்தபோது அதன் விலை 175 பவுண், அந்த விலைக்கு எங்கள் வீட்டில் அதை யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டிஸ்க் எல்லாம் இல்லை, ஆட்டங்கள் பாட்டுக் கசெட் போலவேதான் வரும். வீட்டு டேப் ரெக்கோடரில் இருந்து ஒரு வயர். லோட் என்று அடித்துவிட்டு பிளே பட்டனை அழுத்தினால் கீச்சென்ற சத்தம், டிவியின் விளிம்பில் முதலில் சிவப்பும் வெளிர் நீலமும், பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். நாலைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்கள் ரெக்கோடரில் அந்த வயர் செருகும் துளை தளர்ந்துபோயிருந்தது, கொஞ்சம் அசைந்தாலும் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து திரும்ப முதலில் இருந்து. அதனால் அண்ணா டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் நிலத்தில் குந்தியிருந்து வயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருப்பேன், மூச்சுக்கூட மெதுவாக விடுவேன். மேனிக் மைனர் ஆட்டத்தின் 20 அறைகளையும் அண்ணா முடித்த நாளில் எனக்கும் அதில் பாதி சொந்தம் என்று நினைத்தேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே ரெக்கோடரில்தான் ஊருக்குக் குரல் பதிந்து அனுப்புவோம். அந்த நாட்களில் சாவகச்சேரிக்கு டெலிபோன் எடுப்பதெல்லாம் லேசான வேலை இல்லை. ஞாயிறு பின்னேரம் எல்லோரும் சுற்றி இருந்து, சுகமா, மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று கதைத்துக் கசெட்டில் பதிந்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். ஒருமுறை புதுக் கசெட் இல்லை. அண்ணா ஆட்டம் கொப்பி பண்ணி வைத்திருந்த ஒன்றை எடுத்து அதன் மேலேயே பதிந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து அப்பம்மாவின் பதில் கசெட் வந்தது. எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்த பிறகு, "நீங்கள் கதைச்சு முடிய ஒரு இரைச்சல் கேட்டுது பிள்ளையள், நான் கடைசி மட்டும் கேட்டனான், உங்கட வீட்டு மெஷின் சத்தமோ?" என்றார். அப்பம்மா அந்த ஐந்து நிமிடக் கீச்சையும் நாங்கள் அனுப்பியது என்று முழுக்க இருந்து கேட்டிருக்கிறார். அவர் ஒருநாளும் ஒரு கம்ப்யூட்டரைக் கண்டவர் இல்லை. எங்கள் வீட்டில் எங்களோடு விளையாடியது யார் என்று கேட்டால், நான் அப்பம்மாவையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

*

கோவை, பீளமேடு. எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லைங்க, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். 1997, டூம். 1993 டிசம்பரில் வந்த ஆட்டம், அதன் முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள், ஃபிளாப்பி ஃபிளாப்பியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கம்ப்யூட்டரை சீரியல் போர்ட் வழியாக இணைத்து இரண்டு பேர் மோதலாம். எங்கள் வீடும் அவன் வீடும் ஒட்டினாற்போல. 9 பின் கனெக்டர் இரண்டு வாங்கி, 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பற்றவைத்து, என் ஜன்னல் வழியாக காம்பவுண்ட் சுவர் மேலே ஏற்றி அவன் ஜன்னலுக்கு இழுத்தோம். இந்த மாதிரி இணைப்புக்கு 50 அடிதான் எல்லை என்பார்கள், நாங்கள் அளந்து பார்த்தபோது 45 வந்தது, கும்பிடாத சாமி இல்லை. திரையில் அவனைச் சுட்டால் இரண்டு ஜன்னல் தாண்டி நிஜமாகவே அவன் அலறல் கேட்கும். இடி இடித்தால் மட்டும் ரெண்டு பேரும் ஓடிப்போய்க் கேபிளைக் கழற்ற வேண்டும், அது அவங்க அப்பா போட்ட ஒரே நிபந்தனை.

*

நான் நாகர்கோவில். முதல் பதிவு எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்தது 1999-ல், பையன் பத்தாவது படிக்கும்போது. அவன் டேஞ்சரஸ் டேவ் விளையாடுவதை அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது, நெருப்பில் கால் பட்டால் போச்சு, இதெல்லாம் பார்த்தே தெரிந்துகொண்டேன். காலையில் பிள்ளைகளையும் இவரையும் அனுப்பிவிட்டு, பத்தரை மணிக்கு வேலை ஒதுங்கியதும் தனியாகப் போய் உட்காருவேன். பயமாகத்தான் இருக்கும், எதையாவது அமர்த்தி அது கெட்டுவிட்டால் என்ன சொல்வது என்று. அந்த ஆட்டத்தில் நடுவில் சேமிக்க வழி கிடையாது. மொத்தம் பத்துக் கட்டம், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், குக்கர் விசில் அடித்தால் அவ்வளவுதான், மறுபடியும் ஒன்றிலிருந்து. எந்தக் கட்டத்தில் துப்பாக்கி எங்கே இருக்கிறது, எதில் முதுகில் மாட்டிப் பறக்கும் யந்திரம் கிடைக்கும், எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். ஒரு ஆடி மாதம் முடித்துவிட்டேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை. எழுந்து நின்று கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் போய் மீன் கழுவினேன். பையனிடம் சொல்லவே இல்லை. அவன் அப்போது ஆறாவது கட்டத்தைத் தாண்டவில்லை, சொன்னால் வருத்தப்படுவான்.

தம்பி, நீங்களும் அக்காவும் சேமிக்காத ஆட்டம் என்றீர்களே, நீங்கள் இரண்டு பேரும் படிக்கப் போன பிறகு அந்த வீட்டில் பகலில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

*

அக்கா, உங்கள் பதிலை நேற்று ராத்திரி படித்தேன். அம்மாவாகத்தான் இருக்கும் என்று காலையிலேயே போன் செய்தேன். "நான் அதுக்கு உறைதான் தெச்சேன், தொட்டதே இல்லை" என்றார். அவர் போனை அப்பாவிடம் கொடுக்க, நான் திரும்பவும் கேட்க, அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அப்புறம் சொன்னார். என் அக்கா 98-ல் கோயம்புத்தூர் போனாள், நான் 2000-ல் கிளம்பினேன். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் கணக்கு எழுத உட்கார்ந்தவர், எங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். அம்புக்குறிகளுக்கு ஒரு கை, ஷிப்டுக்கு ஒரு கை. எங்களுக்கு இரண்டு பேர் தேவைப்பட்ட வேலையை அவர் தனியாகச் செய்திருக்கிறார். முதல் இரண்டு கட்டங்களைத் தாண்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். கன்ட்ரோலும் ஜியும் சேர்த்து அழுத்தினால் சேமிக்கலாம் என்று மானிட்டர் ஓரத்தில் அக்கா ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். மூன்றாவது கட்டத்தில் எலும்புக்கூடு ஒன்று எழுந்து வந்து சண்டை போடும், ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே நின்றுவிட்டார். எத்தனை முறை வெட்டினாலும் அது சாகவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன் என்றார்.

"அதை எப்படிடா கொல்றது?" என்று கேட்டார், நேற்று விட்ட ஆட்டத்தைக் கேட்பதுபோல.

அதைக் கொல்ல முடியாதுப்பா, வெட்டி வெட்டிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, பேனா எடுத்து வந்து எழுதிக்கொண்டார்.