அப்பா தின்ற பஜ்ஜிக்கும் பிள்ளையின் சர்க்கரைக்கும் டிஆர்என்ஏ துண்டுதான் காரணமா?

மூவிலை:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "அப்பன் எண்ணெயில் பொரித்ததாகத் தின்றால் பிள்ளைக்குச் சர்க்கரை வரும். விந்தணுவில் உள்ள டிஆர்என்ஏ துண்டுகளே அதைக் கடத்துகின்றன. 2016இலேயே நிரூபித்தாகிவிட்டது." (டிஆர்என்ஏ என்பது செல்லில் புரதம் கட்ட அமினோ அமிலம் சுமந்து வரும் சிறு ஆர்என்ஏ; துண்டு என்பது அதிலிருந்து வெட்டுப்பட்ட பகுதி.) நிரூபித்தது எலியில், ஐயா. கொழுப்புத் தீனி தின்ற ஆண் எலியின் விந்தணுவிலிருந்து 30 முதல் 40 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, சாதாரண எலியின் கருமுட்டையில் ஊசியால் ஏற்றினார்கள். பிறந்த குட்டிகளுக்குக் குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் குறைந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆர்என்ஏவில் மிகுதியாக இருந்த டிஆர்என்ஏ துண்டுகளைச் செயற்கையாகச் செய்து ஏற்றினார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. துண்டுதான் காரணம் என்றால் செயற்கைத் துண்டு ஏன் தோற்றது?

ரைபோ_ரசிகன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். செயற்கைத் துண்டில் மெத்தில் குறிகள், அதாவது இயற்கை ஆர்என்ஏவின் மேல் செல் ஒட்டிவைக்கும் சிறு வேதிக் குறிகள், கிடையாது. குறியில்லாத ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். 2018இல் டிஎன்எம்டி2 என்ற நொதியை நீக்கிய எலிகளில் இந்தக் கடத்தலே நின்றுபோனது. அந்த நொதியின் வேலையே டிஆர்என்ஏவில் மெத்தில் குறி வைப்பதுதான். உப்புப் போடாமல் சாம்பார் வைத்துவிட்டுப் பருப்பைக் குறை சொல்கிறீர்கள்.

மூவிலை:
அப்படியானால் வேலை செய்தது உப்பு. உப்பின் பெயரைச் சொல்லுங்கள், பருப்புக்கு ஏன் மாலை போடுகிறீர்கள்? விந்தணுவில் அதே நீள வாக்கில் ரைபோசோம் (புரதம் கட்டும் இயந்திரம்) ஆர்என்ஏவின் துண்டுகளும் கிடக்கின்றன. அவற்றின் மேல் ஏன் சந்தேகம் வரவில்லை? செயற்கைத் துண்டு தோற்றது. இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

சொல்வேட்டை:
பாடநூலில் "கடத்து ஆர்என்ஏ" என்று நல்ல தமிழில் இருக்கும்போது இது என்ன "டிஆர்என்ஏ"?

பழைய_வாத்தியார்:
முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். கடத்து ஆர்என்ஏ சுமார் 76 எழுத்து நீளம், அமினோ அமிலம் சுமக்கும், அவ்வளவுதான். உடைந்தால் உடைசல். உடைந்த பானைக்கு என்ன உயிரியல் பணி?

ரைபோ_ரசிகன்:
சார், மரியாதையோடு சொல்கிறேன், இது தானாக உடைவது இல்லை, உடைக்கப்படுவது. செல்லுக்கு நெருக்கடி வந்தால் ஆஞ்சியோஜெனின் என்ற நொதி ஆன்டிகோடான் வளைவில், அதாவது டிஆர்என்ஏ மரபுக் குறியீட்டைப் படிக்கும் நடுப்பகுதியில், வெட்டுகிறது. வெட்டுப்படுவது சிறு பங்குதான், முழு டிஆர்என்ஏ அப்படியே இருக்கிறது. 2011இல் பார்த்தது: அலனைன், சிஸ்டீன் டிஆர்என்ஏக்களின் முன்பாதி, தொடர்ச்சியான குவானைன் எழுத்துகள் உள்ள முனையோடு, புரத உற்பத்தியைத் தொடங்கும் காரணிகளை எம்ஆர்என்ஏவிலிருந்து (புரதம் கட்டுவதற்கான செய்தியைத் தாங்கும் ஆர்என்ஏ) விலக்கிவிடுகிறது. மார்பகப் புற்றுச் செல்களில் ஒய்பிஎக்ஸ்1 புரதத்தைப் பிடித்து இழுத்து, புற்று பரவுவதைத் தடுக்கும் துண்டுகள் 2015இல் தெரியவந்தன. அப்புறம் இதைக் கவனியுங்கள், மூவிலை அவர்களே: 2011இல் செயற்கையாகச் செய்த அலனைன் துண்டே புரத உற்பத்தியைக் குறைத்தது. குறி எதுவும் இல்லாமலே.

மூவிலை:
வசமாக மாட்டிக்கொண்டீர்கள்! குறியில்லாமலே அங்கே வேலை செய்கிறதென்றால், கருமுட்டையில் தோற்றதற்குக் குறியைச் சாக்குச் சொல்ல முடியாது. அங்கே உப்பு வேண்டாம், இங்கே மட்டும் உப்பு வேண்டுமா?

ரைபோ_ரசிகன்:
ஆய்வகத் தட்டில் சில மணி நேரம் பார்ப்பதும், கருமுட்டையில் ஏற்றிக் குட்டி பிறந்து வளரும் வரை காத்திருப்பதும் ஒன்றா? முன்பு இங்கே கருப்பட்டி பற்றி நடந்த விவாத இழையிலும் இப்படித்தான், அடுத்தவர் சொன்னதில் பாதியை நறுக்கி எடுத்துக்கொண்டு ஆடினீர்கள்.

மூவிலை:
கருப்பட்டி விஷயத்தில் நான் சொன்னதுதான் கடைசியில் நின்றது. இப்போது அதை ஏன் இழுக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் புரியும்.

கடலைக்காடு:
எலியை விடுங்கள். 2019இல் சோயா வேரில் பார்த்திருக்கிறார்கள். வேரில் குடியேறும் ரைசோபியம் பாக்டீரியாவின் டிஆர்என்ஏ துண்டுகள், மரபணுக்களை அடக்கச் செடி வைத்திருக்கும் ஆர்கோநாட் புரதத்தில் ஏறிக்கொண்டு, செடியின் மரபணுக்களையே அடக்கி, வேர்முடிச்சு போட வழி செய்கின்றன. வீட்டுக்காரன் கத்தியை வாங்கியே அவன் வீட்டு வாழையை வெட்டுவது மாதிரி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அழகு.

பழைய_வாத்தியார்:
பாக்டீரியாவின் உடைசல் செடிக்கு உத்தரவு போடுகிறதா? நல்ல கதை.

மூவிலை:
கடலைக்காடு அண்ணே, அது அழகுதான், நான் மறுக்கவில்லை. துண்டுக்கு வேலையே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அது வாத்தியார் சொன்னது, என் தலையில் கட்டாதீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. எலி, விந்தணு, கருமுட்டை, செயற்கைத் துண்டு. ஏன் தோற்றது? இரண்டு நாளாகச் சோயா வருகிறது, புற்று வருகிறது, கருப்பட்டி வருகிறது. பதில் மட்டும் வரவில்லை.

சொல்வேட்டை:
முட்டைக்கும் கருமுட்டைக்கும் வேறுபாடு தெரிந்துதான் எழுதுகிறீர்களா?

மூவிலை:
தெரியும். விந்தணு சேர்ந்தபின் உள்ளது. போதுமா?

ரைபோ_ரசிகன்:
பதில் மேலே என் முதல் பின்னூட்டத்திலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

மூவிலை:
படித்தேன். உப்பு என்று எழுதியிருக்கிறது.