மாடியா, தளமா? ஒரு கட்டுரையைச் சரிபார்த்த அனுபவம்

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், இணையக் கலைக்களஞ்சியத்துக்காக எழுதிய கட்டுரையைச் சரிபார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 தளக் கட்டடம் பற்றியது. 1972-இல் கட்டி முடித்தார்கள். 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு தீப்பிடித்தது. 1999-இல் முழுவதுமாக அகற்றிவிட்டார்கள். எழுத்துப்பிழை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை.

‘மின்கசிவே தீக்குக் காரணம்’ என்று எழுதியிருந்தார். நம் செய்தித்தாள்களைப் படித்து வளர்ந்த கை, தீ என்றதும் மின்கசிவு என்று எழுதிவிடுகிறது. உண்மைக் காரணம் வேறு. 22-ஆவது தளத்து அலுவலகத்தில் மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நெருப்பு வைக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டது.

அந்த மாணவரால் இதை நம்ப முடியவில்லை. “அக்கா, துணி எப்படித் தானாக எரியும்?” என்று கேட்டார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அப்பா நாற்பது ஆண்டுகள் கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் பாலிஷ் போட்டவர். வேலை முடிந்ததும் எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டை ஒவ்வொன்றாக உதறி, கொல்லைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் கை கழுவுவார். ஒருநாள் நான் அவற்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என் கையைப் பிடித்து அந்தச் சுருட்டலுக்குள் விடச் செய்தார். வெளியே சில்லென்று இருந்தது. உள்ளே காய்ச்சல்காரர் நெற்றியைப் போலச் சுட்டது. இந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். இறுகும்போது சூட்டை வெளியிடும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். இதை எழுதி அனுப்பினேன். அந்த வரியை அன்றே மாற்றிவிட்டார்.

அடுத்து வந்த சிக்கல் எனக்கே புதிது. கட்டுரை முழுக்க ‘22-ஆவது மாடி’, ‘30-ஆவது மாடி’ என்றிருந்தது. நாம் தரைத்தளத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலிருப்பதைத்தான் முதல் மாடி என்போம். அமெரிக்கர்கள் தரையிலிருந்தே ஒன்று என எண்ணுகிறார்கள். அவர்களுடைய 22 நமக்கு 21-ஆவது மாடி. ‘ஒரு எண்தானே அக்கா’ என்று எழுதினார். இந்தக் கட்டுரையில் அப்படி விட எனக்கு மனமில்லை.

டேவிட் ஹோல்கோம்ப், ஃபிலிஸ் மெக்காலிஸ்டர், ஜேம்ஸ் சாப்பல் என்ற மூன்று தீயணைப்பு வீரர்கள் புகையை வெளியேற்ற மேலே ஏறினார்கள். வழி தவறி, 30-ஆவது தளத்தில் சிக்கியிருப்பதாக வாக்கி-டாக்கியில் சொன்னார்கள். தேடிப் போனவர்களுக்கு அங்கே யாரும் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரின் விளக்கு வெளிச்சத்தில் உடைந்த ஜன்னல் ஒன்று தெரிந்தது. அது 28-ஆவது தளம். மூவரும் அங்கே இறந்து கிடந்தார்கள். இரண்டு தள வித்தியாசம். கட்டுரையில் ‘மூவர் பலி’ என்று மட்டும்தான் இருந்தது. மூன்று பெயர்களையும் சேர்க்கச் சொன்னேன்.

மற்றவை சின்னத் திருத்தங்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தவறாக அமைத்திருந்ததால் குழாயில் போதிய வேகமில்லை, மின்சாரமும் போய்விட்டது, தீ 19 மணி நேரம் எரிந்தது. கடைசியில் 30-ஆவது தளத்தில் பொருத்தியிருந்த தானியங்கித் தெளிப்பான்கள்தான் அதை மேலே ஏறவிடாமல் நிறுத்தின. வெறும் பத்துத் தெளிப்பான்கள்! இந்த வரி கட்டுரையின் கடைசியில் ஒளிந்திருந்தது, முன்னுரைக்குக் கொண்டுவந்தோம். ‘வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது’ என்பதை ‘படிப்படியாகப் பிரித்தெடுக்கப்பட்டது’ என்று திருத்தினோம். 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். ஒரு கட்டடம் தானாக விழுந்ததா, மனிதர்கள் பிரித்தார்களா என்பதைச் சரியாக எழுதியே ஆகவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நேற்று இறுதி வடிவத்தைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘மாடி’ ‘தளம்’ ஆகியிருந்தது. அந்த மூவரும் ஏறிய இடத்தில் மட்டும் ‘மாடிப்படி’ என்றிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.