வன உரிமை மனு எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மானுடவியல் முதுகலை ஆய்வுக்கு காட்டில் வாழ்கிறவர்களின் நிலத்தையும் வன உரிமையையும் அங்கீகரிக்கும் 2006 வன உரிமைச் சட்டத்தை எடுத்திருக்கிறேன், ஒரு உதவி வேண்டும். பழங்குடிகளைச் சொந்தக் காட்டிலேயே ஆக்கிரமிப்பாளர் ஆக்கியதும் சட்டம்தான், பழைய வனச் சட்டங்கள். ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவை ஒப்படைக்க, 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதும் சட்டத்தை வைத்துத்தான், இந்த 2006 சட்டம். தீர்ப்பைப் படித்துவிட்டேன், அதில் மனு எழுதுகிற திண்ணை தெரியவில்லை. இடுகாடு, சாமி இருக்கும் இடம், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சான்றாகச் செல்லும் என்கிறது விதி. சரி, அதையெல்லாம் படிவத்தில் யார் எழுதுகிறார்கள், எழுதும்போது எது விடுபடுகிறது, அதிகாரிகள் எதைக் கேட்டு மடக்குகிறார்கள்? சத்தியமங்கலம், நீலகிரி பக்கம் இதில் வேலை செய்தவர்கள் கொஞ்ச நேரம் பேச முடியுமா? யார் பெயரும் ஆய்வில் வராது. அப்புறம், படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியல் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.