தில்லி மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்கள்: செப்டம்பர் 14 சிறுவர் நிகழ்ச்சி

கல்யாணி மாமி: அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் செயற்குழு இவ்வாண்டு இந்தி திவஸ் (இந்தி நாள்) விழாவின் சிறுவர் பகுதியை நம் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. பள்ளியில் இந்தி கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். உங்கள் யோசனைகளை இங்கேயே எழுதுங்கள்.

செந்தில்: வணக்கம் மாமி. வழக்கம்போல் பேச்சுப் போட்டியும் கவிதை ஒப்புவித்தலும் வைத்துவிடலாம். தமிழ்க் குடும்பங்கள் இந்தி விழா நடத்துகின்றன என்று மதுரையில் என் அப்பாவிடம் சொன்னால் என்ன கேட்பார் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

விஜயன் சார்: அப்பாவின் கேள்வி நியாயமானதே. 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாக ஏற்றது. அந்த ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் அந்தச் சபையின் உறுப்பினரான நம் கோபாலசாமி ஐயங்கார். ஆகவே இந்த நாள் அரசு அலுவலகக் கோப்புகளுக்கு உரிய நாள். அதைச் சுற்றி நடந்த சண்டைகளும் நமக்குத் தெரியும். என் அலுவலகத்தில் ஆண்டுதோறும் இந்திப் பக்வாடா என்று இரண்டு வாரம் கட்டுரைப் போட்டி நடக்கும். பரிசு வாங்கியவர்கள் மறுநாளே ஆங்கிலத்தில் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவார்கள். அதையே குழந்தைகளிடமும் நடத்த வேண்டுமா?

ஃபாத்திமா: மாமி, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்துக்காரர். நேற்று அவர் என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார். அவர் தம் போஜ்புரி மொழியில் கேட்டால் மகன் இந்தியில் பதில் சொல்கிறார், பேரனோ ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை அவனால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது. கைப்பேசியில் இந்திச் சொற்களை ரோமன் எழுத்தில் அடிப்பதே அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. என் மகள் தமிழில் சறுக்குவதை நான் சொன்னபோது, உன் வீட்டிலும் இதே கதைதானா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செந்தில்: இந்தி பேசும் வீடுகளிலேயே அப்படியா! நம்ப முடியவில்லை அக்கா.

விஜயன் சார்: நம்பலாம் தம்பி. 2020இல் உத்தரப் பிரதேச வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் ஏறத்தாழ 8 லட்சம் மாணவர்கள் இந்திப் பாடத்தில் தோற்றதாகச் செய்தி வந்தது. தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்.

கல்யாணி மாமி: அதோடு வேறொன்றும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தி என்ற தலைப்பின் கீழ் வரும் 52 கோடிக்கு மேற்பட்டவர்களில் 5 கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். பாட்டியின் பேச்சு ‘கிராமத்துப் பேச்சு’ என்று வகுப்பறையில் திருத்தப்படுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். திருத்தத் திருத்தக் குழந்தை பாட்டியிடம் பேசுவதையே குறைத்துக்கொள்ளும். பாடப்புத்தக இந்தி அந்த இடத்தை நிரப்பாது, ஆங்கிலம் நிரப்பிவிடும். ஆகவே மேடைப் பேச்சு வேண்டாம் என்பது என் கருத்து. அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் எந்த மொழியும் வளர்ந்ததில்லை.

ஃபாத்திமா: அப்படியானால் என்ன செய்யலாம் மாமி?

கல்யாணி மாமி: தம்போலா விளையாடுவோம், ஒருவர் எண்களை அழைக்க, மற்றவர்கள் தங்கள் சீட்டில் அவற்றை அடித்துக்கொண்டே போகும் விளையாட்டு. எண்களை இந்தியில் மட்டுமே அழைப்போம். சிரிக்காதீர்கள், தில்லிக் குழந்தைகளிடம் முதலில் தொலைந்துபோவது எண்கள்தான். காய்கறிக்காரர் ‘உன்சட் ருப்யே’ (59 ரூபாய்) என்றால் பிள்ளைகள் திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். தமிழில் இருபது வரையும் பத்துகளின் பெயர்களும் தெரிந்தால் மீதியைக் கட்டிக்கொள்ளலாம். இந்தியில் நூறு வரை ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணையும் தனியாகக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். 29, 39, 49 எல்லாம் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற முறையில் உன்தீஸ், உன்தாலீஸ், உன்சாஸ் என்று போகும், 79 உன்யாசி. ஆனால் 89 அந்த முறையை விட்டுவிட்டு நவாசி ஆகிவிடும். தம்போலாவில் 1 முதல் 90 வரை எண்கள் இருப்பதால் ஒரே மாலையில் பெரும்பாலானவை காதில் விழுந்துவிடும்.

விஜயன் சார்: இத்தனை ஆண்டு தில்லியில் குடியிருந்தும் எனக்கு உன்யாசியும் நவாசியும் இன்னும் குழப்பம்தான். பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செந்தில்: நல்ல யோசனை மாமி, சீட்டுகளை நான் அச்சிட்டுத் தருகிறேன். விளையாட்டுக்குப் பிறகு என்ன?

கல்யாணி மாமி: பாட்டிமார் கதை சொல்லட்டும். பல்லியா பாட்டி போஜ்புரியில், ஐந்தாம் மாடி அம்மா அவதி மொழியில், வாயிற்காவலரின் மனைவிக்கு விருப்பமிருந்தால் கட்வாலி மொழியில். நடுவில் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. புரியாத இடத்தில் குழந்தை அவர்களையே கேட்கட்டும். பிறகு படிப்பதற்கு ஏதாவது கையில் கொடுக்க வேண்டும். 1964 முதல் வந்த ‘நந்தன்’ சிறுவர் இதழ் 2020இல் நின்றுவிட்டது, அதில் எனக்கு மிகுந்த வருத்தம். போபாலின் ஏகலவ்யா நிறுவனம் 1985இல் தொடங்கிய ‘சக்மக்’ இதழின் பழைய பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. பரிசாகப் பேனாவுக்குப் பதில் ஆளுக்கு ஒன்று கொடுப்போம்.

ஃபாத்திமா: பாட்டியிடம் இப்போதே கேட்டுவிட்டேன். ஒலிபெருக்கி இருந்தால் வரமாட்டாராம், பாயில் உட்கார்ந்து சொல்வதானால் சம்மதமாம்.

செந்தில்: ஒலிபெருக்கி வேண்டாம் என்று செயற்குழுவிடம் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கும் இதே போலத் தமிழில் ஒரு தம்போலா பொங்கலுக்கு வைக்க முடியுமா மாமி? என் மகனுக்கு அறுபத்தொன்பதும் எழுபத்தொன்பதும் தெரியாது.

கல்யாணி மாமி: தாராளமாக வைக்கலாம். அப்போது எண்களை அழைக்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் இந்தி எண்களை ஒத்திகை பார்க்க என் வீட்டுக்கு வரலாம். விஜயன் சார், நீங்கள் அவசியம் வர வேண்டும்.