0.1 மோலார் காப்பர் சல்பேட் போட்டேன், நிறம் வெளிறியிருக்கிறது, ஏன்?

நீலக்கரைசல்:
250 மி.லி. தயாரிக்க வேண்டும். மோலார் நிறை (ஒரு மோலுக்கு எத்தனை கிராம் என்பது) 159.6 என்று புத்தகத்தில் பார்த்து, 0.025 மோலுக்கு 3.99 கிராம் என்று கணக்குப் போட்டு, நிறுத்து எடுத்து, அளவு ஜாடியில் 250 மி.லி. தண்ணீர் அளந்து பீக்கரில் ஊற்றிக் கரைத்தேன். பக்கத்து மேசையில் அதே செறிவுக்குப் போட்ட கரைசலோடு வைத்துப் பார்த்தால் என்னுடையது நன்றாகவே வெளிறித் தெரிகிறது. கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், தப்பே இல்லை. எங்கே சறுக்கினேன்?

அரைப்பிப்பெட்:
தண்ணீர் அளந்ததுதான் தப்பு. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது, ஒரு லிட்டர் தண்ணீரில் அல்ல. ஒரு மோல் சர்க்கரையை, அதாவது 342 கிராமை, ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.2 லிட்டருக்கு வந்து நிற்கும். அது 1 மோலார் ஆகாது.

பழையலேப்காரன்:
சொன்னது சரி, ஆனால் நிறம் வெளிறியதற்கு அது காரணமில்லை. நாலு கிராம் உப்புக்குக் கன அளவு எவ்வளவு ஏறிவிடப்போகிறது? முதலில் பாட்டிலைப் போய்ப் பாருங்கள், உள்ளே இருப்பது நீலப் படிகமா வெள்ளைப் பொடியா?

நீலக்கரைசல்:
நீலம்தான். லேபிளில் சின்ன எழுத்தில் பென்டாஹைட்ரேட் என்று இருக்கிறது, இப்போதுதான் கவனிக்கிறேன்.

பழையலேப்காரன்:
அப்போ அதுதான். 159.6 என்பது நீரற்ற உப்புக்கு. நீலப் படிகத்தில், அதான் மயில்துத்தம், ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதையும் சேர்த்தால் மோலார் நிறை 249.7. நீங்கள் நிறுத்த 3.99 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் படிக நீர்தான், எனவே கிடைத்தது சுமார் 0.064 மோலார். எடுத்திருக்க வேண்டியது 6.24 கிராம். நானும் ஒரு காலத்தில் ஆக்சாலிக் அமிலத்தில் இதே மாதிரி மாட்டியிருக்கிறேன் (அதற்கு 90 இல்லை, 126), தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) ஒரு அளவீடும் ஒத்துவராமல் பியூரெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீலக்கரைசல்:
சரி, மீதி 2.25 கிராமை இதிலேயே போட்டுவிடலாமா?

பழையலேப்காரன்:
வேண்டாம். அளவு ஜாடி அவ்வளவு துல்லியம் இல்லை, கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் கணக்கே போய்விடும். புதிதாக 6.24 கிராம் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 250 மி.லி. திட்டக் குடுவையில் (கழுத்தில் அளவுக்கோடு போட்ட குடுவை) புனல் வழியாக ஊற்றுங்கள், பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று தடவை கழுவி அந்தத் தண்ணீரையும் உள்ளேயே விடுங்கள். மேலும் தண்ணீர் ஊற்றி, கழுத்துக்கோடு நெருங்கியதும் சொட்டுச் சொட்டாக விடுங்கள், கோடு கண் மட்டத்தில் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பிறையின் (வளைந்து தெரியும் நீர் மட்டத்தின்) அடி கோட்டைத் தொடும் வரை. பிறகு மூடி, தலைகீழாகப் பல தடவை கவிழ்த்துக் கலக்குங்கள்.

அரைப்பிப்பெட்:
சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி கரையும்போது சூடாகிறவற்றை ஆறவிட்ட பிறகே கோடு வரை நிரப்ப வேண்டும், சூட்டில் நிரப்பினால் ஆறியதும் கீழே இறங்கிவிடும்.

நீலக்கரைசல்:
போட்டாச்சு. இப்போது இரண்டும் ஒரே நீலம். அப்புறம் 0.05 மோலாரில் 100 மி.லி. வேண்டும், இதிலிருந்து 50 மி.லி. எடுத்து 100 குடுவையில் கோடு வரை நிரப்பினால் போதும்தானே?

பழையலேப்காரன்:
போதும். ஆனால் பிப்பெட்டில் எடுங்கள், அந்த ஜாடியைத் தொடாதீர்கள்.