சாலை வேலை நடக்கும் ஊரில் பேச வேண்டியது யார்? புராஜெக்ட் மேனேஜரா, பி.ஆர். எனும் மக்கள் தொடர்பு ஆளா?

லயத்துக்காரன்:
மலேசியாவின் காப்பார் பக்கம், நாங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தோட்ட நிலத்தை எடுத்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஞாயிறன்று கோவில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம். வந்த மக்கள் தொடர்புப் பெண் நன்றாகத்தான் பேசினார். ஆனால் பள்ளி பஸ் எங்கே நிற்கும், மண் லோரி காலையிலேயே ஓடுமா என்று கேட்டால், "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பதே பதில். முடிவெடுக்கிற மேனேஜர் ஏன் வரவில்லை? ஊராரிடம் பேசத் தெரிவதும் அவர் வேலைதானே?

சைட் எஞ்சினியர்:
இல்லை, அண்ணே. கெடு தாண்டினால் நாள் கணக்கில் எல்.ஏ.டி. என்கிற தாமத இழப்பீட்டை வெட்டுவார்கள், அந்தச் சுமை அவர் தலையில். கூட்டத்தில் நாலு பேர் அழுத்திக் கேட்டு, "சரி, பஸ் ஸ்டாப்பை மாற்றுகிறோம்" என்று சொல்லிவிட்டால் வரைபடம் மாறும், கூடுதல் செலவு யாருடையது என்று இழுபறி வரும். பேசப் பழகியவர்களே பேசட்டும்.

ஓய்வு பெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்):
தம்பி, 1960 நில எடுப்புச் சட்டப்படி விசாரணையில் நஷ்டஈடு கேட்க முடிவது நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கு. லயத்தில் குடியிருப்பவர் பெயர் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், கிடையாது. நிலத்துக்கான நஷ்டஈடு தோட்டக் கம்பெனிக்கு. இவர்கள் வாய் திறக்க மிச்சம் இருப்பது இந்த மாதிரிக் கூட்டம்தான். கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் எம்.ஆர்.டி. ரயிலுக்காக நிலம் எடுக்க வந்தபோது, 2011-இல் கடைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். பேசிப் பேசித்தான் உடன்பாடு வந்தது.

சைட் எஞ்சினியர்:
ஐயா, அங்கே பேசியது கம்பெனித் தலைமை. சைட் மேனேஜர் இல்லை.

லயத்துக்காரன்:
அதனால்தான் சொல்கிறேன், இங்கே தலைமை வரப்போவதில்லை, மேனேஜராவது வரட்டும். வாக்கு கொடுக்கவும் வேண்டாம். "இது முடியாது, காரணம் இது" என்று நேரே சொன்னாலே எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். முன்பு வேறொரு வேலைக்கு வந்த மேனேஜர் வரைபடத்தை மேசையில் விரித்து, "மழைத்தண்ணீர் எங்கே தேங்கும்?" என்று கேட்டார். செம்பனைக் குலை வெட்டும் அக்கா ஒருவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டார். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட் அங்கேதான் வந்தது. பி.ஆர். ஆளுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

சைட் எஞ்சினியர்:
அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பி.ஆர். ஆள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். வாய்வார்த்தை எதுவும் கணக்கில் வராது.

லயத்துக்காரன்:
எழுதட்டும், தமிழிலும் எழுதிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடட்டும். அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், காலையில் எல்லாரும் வெட்டுக்குப் போய்விடுவார்கள்.