வெள்ளியங்கிரி நைட் ஏற எந்த ஹெட்லாம்ப் வாங்கலாம்?

கேள்வி: அடுத்த மாசம் வெள்ளியங்கிரி போறோம்ங்க, ராத்திரி ஏறி விடியறப்ப ஏழாவது மலைல இருக்கணும்னு பிளான். மொபைல் டார்ச்சே போதும்ங்கறாங்க, ஆனா ஒரு கைல மூங்கில் தடி இருக்கும்ல. ஆன்லைன்ல வெளிச்சம் 10,000 லூமன்னு எல்லாம் போட்டிருக்கு, நம்பலாமா?

பதில் 1: 10,000 எல்லாம் சும்மா தம்பி, நம்பாதீங்க. 200-300 லூமன் தாராளம். மீடியம்ல வெச்சா எத்தன மணி நேரம் எரியும்னு பாருங்க, அதான் முக்கியம். ஐபிஎக்ஸ்4 ரேட்டிங் இருந்தா சாரல் தாங்கும்.

பதில் 2: பனிமூட்டம் வந்தா நெத்தி லைட் கண்ணு முன்னாடி வெள்ளச் செவுரு மாதிரி ஆயிடும்ங்க, போன தடவ எனக்கு அடுத்த படியே தெரியல, அப்புறம் கழட்டி இடுப்பளவுல கைல புடிச்சேன், கல்லோட நிழல் விழுந்து பள்ளம் மேடு பளிச்னு தெரிஞ்சுது.

பதில் 3: லாக் பட்டன் இருக்கறதா வாங்குங்க ப்ரோ. என்னோடது பைக்குள்ளயே அமுங்கி ஆன் ஆகி மூணாவது மலைலயே செத்துருச்சு, ஃப்ரெண்டு பின்னாடியே ஒட்டிட்டு ஏறினேன். ஸ்பேர் பேட்டரிய சட்டப் பைல வைங்க, குளிர்ல சார்ஜ் சீக்கிரம் எறங்கும். ஆளுங்ககிட்ட பேசறப்ப லைட்ட கீழ திருப்பிக்கங்க, எதிர்ல எறங்கறவங்களுக்குக் கண்ணு கூசும்.

கேட்டவர்: இடுப்பளவுல புடிக்கறது தெரியவே தெரியாதுங்ண்ணா, ரொம்ப நன்றி.